ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய்: கையும் கருத்தும் ஒன்றிய வாழ்வு

நெஞ்சின்மீது பாறாங்கல்லை ஏற்றி வைத்தாற்போல் வலிக்கிறது என்று வரும் இதய நோயாளர் பலருக்கு மருத்துவர் நாக்கின் அடியில் வைக்கும் சிறு மாத்திரை ஒன்றைத் தருகிறார். அது கரைந்த சில நிமிடங்களில் வலி தணிகிறது. இம்மாத்திரையைக் கண்டறியாத இல்லங்கள் இன்று நம் ஊர்ப்புறங்களில் சிலவே. ஆயினும் அது வலியைத் தணிக்கும் வகையை அறிந்தோர் மிகச் சிலர். அதற்குரிய விடை இரத்தக்குழாயின் உட்சுவரில் நெடுங்காலம் மறைந்து கிடந்தது. அவ்விடையோடு நெருங்கிய தொடர்புடைய நைட்ரைட்டு உப்புகளை ஆராய்வதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட இந்தியப் பெருமகனார் ஒருவரின் வரலாற்றை இவ்வெள்ளிவிழா மலரின் வாயிலாக நம் சமுதாய இளைஞர்க்கும் சங்க உறுப்பினர்க்கும் எடுத்துரைக்க விழைகிறோம். அவர்தாம் வங்கம் ஈன்ற வேதியியல் பேரறிஞர் ஆச்சாரிய பிரபுல்ல சந்திர ராய்.

ராய் நம் சமுதாயத்தில் தோன்றியவர் அல்லர். நிலமும் நூலகமும் உடைய உயர்சாதிக் குடும்பத்தில் பிறந்தவர். அவருடைய வரலாறு நம் மலரில் இடம்பெறுவானேன் என்று வினவுவோர் இருத்தல் கூடும். அவ்வினா முறையானதே. கையால் உழைப்போர் தாழ்ந்தோர், ஏட்டைப் பயில்வோர் உயர்ந்தோர் என்னும் பிரிவினையே இந்நாட்டின் அறிவியலை வாடச் செய்தது என்று சான்றுகளுடன் எழுதியவர் அவர். எழுதியதோடு அமையாது, இழிந்தனவென ஒதுக்கப்பட்ட பொருள்களைத் தம் கைகளாலேயே தொட்டு மருந்தாக்கியவர். இவ்வுண்மை நமக்குப் பயன்படும். ஆதலின் இவ்வரலாறு நமக்கும் உரியது.

இளமையும் கல்வியும்

1861-ஆம் ஆண்டு ஆகஸ்டு 2-ஆம் நாள், இன்று வங்கதேசத்தில் குல்னா மாவட்டத்தைச் சேர்ந்ததாக உள்ள ராருளி என்னும் சிற்றூரில் ராய் பிறந்தார். தந்தையார் ஹரிஷ் சந்திர ராய் நூல்களில் பெரும் பற்றுடையவர். தம் ஊரில் பள்ளி நிறுவியவர். 1870-இல் குடும்பம் கல்கத்தாவிற்குக் குடிபெயர்ந்தது. ஹேர் பள்ளியில் பயின்று வந்த சிறுவனைக் கொடிய சீதபேதி பற்றிற்று. ஏறத்தாழ 2 ஆண்டுகள் பள்ளி செல்ல இயலவில்லை. அக்காலத்தைப் படுக்கையில் வீணாக்காது, தந்தையின் நூலகத்தில் இருந்த நூல்களையெல்லாம் அவர் கற்றார். வயிற்று நோயும் உறக்கமின்மையும் அவரை வாழ்நாள் முழுவதும் விடவில்லை. உடல் நலிந்தோர் பெரும்பணி ஆற்ற இயலாது என்று கருதுவோர்க்கு அவர் வாழ்வே மறுமொழி.

பின்னர் ஈசுவர சந்திர வித்தியாசாகரின் மெட்ரோபாலிடன் கல்லூரியில் சேர்ந்த அவர், மாநிலக் கல்லூரியில் பெட்லர் என்னும் பேராசிரியர் செய்து காட்டிய வேதியியல் சோதனைகளைக் கண்டு அத்துறையில் உள்ளத்தைப் பறிகொடுத்தார். தோழர் ஒருவருடன் சேர்ந்து தங்கும் விடுதியிலேயே சிறு ஆய்வுக்கூடம் அமைத்தார். தகரவேலை செய்வோர் ஒருவரின் உதவியால் அமைத்த ஊதுகுழல் ஒன்று வெடித்துச் சிதறியதும், இருவரும் காயமின்றித் தப்பியதும் அந்நாளைய நிகழ்ச்சிகள்.

1882-இல் கில்கிறிஸ்ட் உதவித்தொகைக்கான போட்டித் தேர்வில் வென்று, ஸ்காட்லாந்து நாட்டின் எடின்பரோ பல்கலைக்கழகம் சென்றார். அங்குக் கிரம் பிரவுன் என்னும் பேராசிரியரிடம் பயின்று, 1887-இல் அறிவியல் முனைவர் பட்டம் பெற்றார். அவ்வெடின்பரோ நகரத்தில், அவர் சென்று சேர்வதற்கு 15 ஆண்டுகள் முன்னரே, 1867-இல் லாடர் பிரண்டன் என்னும் இளம் மருத்துவர் அமைல் நைட்ரைட்டு என்னும் நீர்மத்தின் ஆவியை நெஞ்சுவலி நோயாளரை முகரச் செய்து, வலி உடனே தணிவதைக் கண்டு வெளியிட்டிருந்தார். முகம் சிவந்தது, நாடி தளர்ந்தது, வலி நீங்கியது. 1879-இல் முர்ரெல் என்னும் மருத்துவர் நைட்ரோகிளிசரின் என்னும் வெடிபொருளைச் சிறு துளியளவில் கொடுத்து அதே பயன் கண்டார். குழாய் விரிவதனால் வலி தணிகிறது என்ற அளவில் அன்றைய மருத்துவம் நின்றது. விரிவது எதனால் என்பதை அன்று எவரும் அறிந்திலர்.

எலும்பும் மருந்தும்

1888-இல் தாயகம் திரும்பிய ராய்க்கு ஓராண்டுக் காலம் பணி கிடைக்கவில்லை. நண்பர் ஜகதீச சந்திர போசின் இல்லத்தில் தங்கினார். இந்தியக் கல்விப் பணி என்னும் உயர்பிரிவு அந்நாளில் பெரும்பாலும் ஆங்கிலேயர்க்கே உரியதாக இருந்தது. 1889-இல் மாநிலக் கல்லூரியில் மாதம் 250 ரூபாய்க்குத் தற்காலிக உதவிப் பேராசிரியர் பணி கிடைத்தது. கற்ற கல்வி ஒன்றாயினும் பிறந்த இடம் பற்றி ஊதியம் குறைக்கப்படும் கொடுமையை அவர் நேரில் உணர்ந்தார். பிறப்பைக் காட்டித் தகுதியை மறுக்கும் வழக்கத்தை நாம் விளக்கத் தேவையில்லை.

அந்நாளில் மருந்துகள் யாவும் கப்பலில் வந்தன. அவற்றை நம் நாட்டிலேயே ஆக்குதல் வேண்டும் என்று உறுதிபூண்ட ராய், 1892-இல் கல்கத்தா மேல்வட்டச் சாலையிலுள்ள தம் வாடகை வீட்டிலேயே சில நூறு ரூபாய் முதலீட்டில் வங்க வேதித் தொழிற்சாலையைத் தொடங்கினார். அவர் முதலில் கையிலெடுத்த பொருள்களுள் ஒன்று மாட்டெலும்பு. எலும்பிலிருந்து பாஸ்பேட் உப்புகளைப் பெறலாம். இறைச்சிக் கடைகளிலிருந்து பச்சை எலும்புகளை வாங்கி மொட்டை மாடியில் உலர்த்தினார். எதிர்பாராது மழை பெய்தது. எலும்பில் ஒட்டியிருந்த தசை அழுகிப் புழுத்தது, காக்கைகள் மொய்த்தன, அண்டை வீட்டார் சினந்தெழுந்தனர். அவற்றை ஊர்ப்புறத்து வெற்றிடத்திற்குக் கொண்டு சென்று எரித்தபோது, ஏதோ கொலைக்குற்றத்தை மறைக்கிறார்கள் என ஐயுற்றுக் காவலரும் வந்து சேர்ந்தனர். ராய் மனந்தளரவில்லை. எரிந்த எலும்பின் சாம்பலைக் கந்தக அமிலத்துடன் சேர்த்துத் தூய பாஸ்பேட் உப்பைப் பெற்றார். வகுப்பறையில் எலும்புச் சாம்பலை வாயிலிட்டுக் காட்டி, தீயில் தூய்மையுற்ற பொருளுக்குச் சாதியோ தீட்டோ இல்லை என்பதை அவர் உணர்த்தினார் என்பது அவரிடம் பயின்றோர் வழிவழியாகக் கூறிவந்த செய்தி.

எலும்பையும் தோலையும் தொட்டமையைக் காட்டியே நம் முன்னோரை ஊருக்குப் புறத்தே நிறுத்தினர். அதே எலும்பை ஒருவர் தொட்டு மருந்தாக்கினார். அது நாட்டின் மருந்துத் தொழிலுக்கு அடிக்கல் ஆயிற்று. 1901-இல் அத்தொழிற்சாலை 2 இலட்சம் ரூபாய் மூலதனமுடைய நிறுவனமாயிற்று. 1980-இல் அது நாட்டுடைமை ஆக்கப்பட்டது.

மஞ்சள் நிறப் படிகம்

1896-இல் ராய், பாதரச உப்பு ஒன்றைச் செய்ய முற்பட்டு, மிகுதியான பாதரசத்தின்மீது நீர்த்த நைட்ரிக் அமிலத்தைக் குளிர்ந்த நிலையில் ஊற்றி வைத்தார். எதிர்பாராத வகையில் மஞ்சள் நிறப் படிகங்கள் தோன்றின. அவற்றைப் புறக்கணியாது பகுத்தாய்ந்து, அவை மெர்க்குரசு நைட்ரைட்டு என்று நிறுவினார். அதன் பின்னர் நைட்ரைட்டு உப்புகளின் ஆய்வு அவருடைய தனித்துறை ஆயிற்று. அம்மோனியம் நைட்ரைட்டு சூடேற்றியதும் சிதைந்துவிடும் என்றே வேதியியலார் கருதியிருந்தனர். அதனைச் சிதையாமல் ஆவியாக்க இயலும் என்பதை அவர் மெய்ப்பித்து 1912-இல் இலண்டனில் எடுத்துரைத்தார். நைட்ரைட்டுகளின் ஆசான் என்றே உலக வேதியியலார் அவரை அழைக்கலாயினர்.

அந்நாளில் நைட்ரிக் அமிலம் வெடியுப்பையும் கந்தக அமிலத்தையும் சேர்த்துக் காய்ச்சி வடிக்கப்பட்டது. வெடியுப்பு எவ்வாறு கிடைத்தது? உவர்மண்ணைச் சுரண்டி, நீரில் கரைத்து, வடிகட்டி, காய்ச்சி எடுத்தனர். பீகாரில் நோனியா என்னும் மக்களும், தமிழ்நாட்டில் உப்பிலியர் என்னும் மக்களும் தலைமுறை தலைமுறையாகச் செய்துவந்த தொழில் அது. கரைத்தல், வடித்தல், படிகமாக்கல் என்று நாம் வகுப்பில் கற்பிக்கும் முறைகள் யாவும் அவ்வேழைகளின் கைகளில் இருந்தன. அவர்கள் பெயர் எந்த வேதியியல் நூலிலும் ஏறவில்லை.

குழாயின் உட்சுவர்

ராய் ஆராய்ந்த நைட்ரைட்டுகளுக்கும் இரத்தக்குழாய்க்கும் உள்ள உறவு அவர் மறைந்த பின்னரே தெளிவாயிற்று. அதனை மாணவர் நன்கு அறிதல் வேண்டும்.

இதயத்திலிருந்து குருதியைக் கொண்டு செல்லும் தமனியின் சுவரில் தசை உண்டு. அது சுருங்கினால் குழாய் குறுகும். தளர்ந்தால் குழாய் விரியும். குறுகிய குழாயொன்றின் விட்டம் 2 மடங்கானால், அதே அழுத்தத்தில் அதனூடே செல்லும் நீர்மம் 16 மடங்காகும் என்பது இயற்பியல் விதி. தாமல் ஏரி மதகின் அடைப்பலகையைச் சிறிதே உயர்த்தினாலும் கால்வாயில் நீர் பெருகக் காண்கிறோம். தமனியில் அம்மதகின் பணியைச் செய்வது தசையே. அத்தசைக்குத் தளர்ந்து கொடு என்று ஆணையிடுவது எது?

தமனியின் உட்புறத்தில், குருதியைத் தொட்டுக்கொண்டு, ஒரே ஒரு செல் தடிப்பில் மெல்லிய படலம் ஒன்று பரவியுள்ளது. அதனை எண்டோதீலியம் என்பர். நெடுங்காலம் அதனை வெறும் உறை என்றே பெரும்பாலோர் மதித்தனர். நியூயார்க்கு நகரின் புரூக்ளின் பகுதியில் ஆய்வு செய்துவந்த இராபர்ட் ஃபர்ச்காட் என்பார் முயலின் தமனித் துண்டுகளில் அசிட்டைல்கோலின் என்னும் பொருளைச் செலுத்தி வந்தார். உயிருள்ள உடலில் அப்பொருள் குழாயை விரிக்கும். அவர் எடுத்த துண்டுகளோ சுருங்கின. இப்புதிர் பல ஆண்டுகள் நீடித்தது. 1978-இல் வேறொரு முறையில் ஆயத்தம் செய்த துண்டுகள் விரிந்தன. மாற்றம் எங்கே? துண்டை வெட்டி ஆயத்தம் செய்யும் கைகளில்தான். முன்னைய முறையில் உட்புறம் உராய்ந்து அம்மெல்லிய படலம் நீங்கிவிட்டிருந்தது. புதிய முறையில் அது சிதையாமல் நின்றது. படலம் இருந்தால் தமனி தளர்கிறது, இல்லையேல் இறுகுகிறது. படலம் நீக்கிய துண்டொன்றைப் படலமுள்ள துண்டோடு ஒட்டி வைத்தபோது, நீக்கிய துண்டும் தளர்ந்தது. ஆகவே அப்படலத்திலிருந்து ஏதோ ஒரு பொருள் கசிந்து சென்று தசையைத் தளர்த்துகிறது என்பது உறுதியாயிற்று. 1980-இல் இதனை அவர் வெளியிட்டார்.

அப்பொருள் யாது என்று உலக ஆய்வுக்கூடங்கள் பலவும் தேடின. சில நொடிகளே நிலைக்கும் அப்பொருள் நைட்ரிக் ஆக்சைடு என்னும் எளிய வாயு என்பதை 1986, 1987-ஆம் ஆண்டுகளில் ஃபர்ச்காட், இக்னாரோ, மோன்காடா ஆகியோர் புலப்படுத்தினர். குருதி ஓடும்போது உண்டாகும் உராய்வையோ, குருதியில் வரும் வேதிப்பொருள்களையோ உணரும் உட்படலச் செல்கள், ஆர்ஜினைன் என்னும் அமினோ அமிலத்திலிருந்து இவ்வாயுவை ஆக்குகின்றன. அது அருகிலுள்ள தசைச் செல்லினுள் புகுந்து, வளைய ஜிஎம்பி என்னும் தூதுப்பொருளைப் பெருகச் செய்கிறது, தசை தளர்கிறது. இவ்வாயு ஒன்று மட்டுமன்று. 1976-இல் கண்டறியப்பட்ட புரோஸ்டாசைக்ளின் என்னும் பொருளையும் உட்படலம் சுரக்கிறது. அது குழாயை விரிப்பதோடு, குருதித் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டி உறைவதையும் தடுக்கிறது.

நைட்ரோகிளிசரின் போன்ற மருந்துகள் உடலில் நைட்ரிக் ஆக்சைடை வெளியிடுகின்றன என்பதை முராட் என்பார் 1977-இல் காட்டியிருந்தார். நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரையின் மறைபொருள் இவ்வாறு வெளிப்பட்டது. நலிந்த உட்படலம் செய்ய இயலாத பணியை அம்மாத்திரை செய்கிறது. ஃபர்ச்காட், இக்னாரோ, முராட் மூவரும் 1998-இல் நோபல் பரிசு பெற்றனர். உடலில் உள்ள நைட்ரைட்டும், பிராணவாயு குறைந்த இடங்களில் நைட்ரிக் ஆக்சைடாக மாறிக் குழாயை விரிக்கிறது என்பதை 2003-இல் வெளிவந்த ஆய்வு காட்டிற்று. ராய் கையாண்ட உப்புக் குடும்பம் நம் குருதியிலும் பணிபுரிகிறது. ஆயினும் அவர் இதனைக் கண்டறிந்தார் என்று கூறுதல் பொருந்தாது. அவர் நைட்ரைட்டுகளின் வேதியியலை வளர்த்தவர்; உடலியலை வளர்த்தவர் பிறர். நைட்ரைட்டு உப்பு மிகுந்தால் நஞ்சு என்பதையும், நெஞ்சுவலி மாத்திரையை மருத்துவர் சொல்லாமல் உட்கொள்ளலாகாது என்பதையும் மறத்தல் கூடாது.

புகையிலை, நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம் ஆகியவை உட்படலத்தைச் சிதைக்கின்றன. பீடியும் சிகரெட்டும் பிடிக்கும் இளைஞர் தம் குழாய்களின் உட்சுவரைத் தாமே அரிக்கின்றனர். நாள்தோறும் விரைந்து நடப்போர்க்குக் குருதியோட்டம் மிகுந்து உட்படலம் வலுப்பெறுகிறது. நம் ஏழை இல்லங்களின் உணவாகிய கீரையில் நைட்ரேட்டு நிறைந்துள்ளது. நாவின்மீது வாழும் நுண்ணுயிர்கள் அதனை நைட்ரைட்டாக்குகின்றன. உடல் அதனை நைட்ரிக் ஆக்சைடாக்கிக் கொள்கிறது. மலிவான உணவென்று கீரையை எவரும் எள்ள வேண்டா.

சாதியும் அறிவியலும்

1902-லும் 1909-லும் இரு தொகுதிகளாக ராய் வெளியிட்ட இந்து வேதியியல் வரலாறு என்னும் ஆங்கில நூல் உலகப் புகழ் பெற்றது. உலோகங்களையும் மருந்துகளையும் பற்றிப் பண்டைய இந்தியர் பெற்றிருந்த அறிவை அவர் அதில் விரித்துரைத்தார். பெருமை பேசுவதோடு அவர் நின்றுவிடவில்லை. அவ்வறிவு பிற்காலத்தில் அழிந்தது ஏன் என்றும் ஆராய்ந்தார். சாதி இறுகியபோது கைத்தொழில்கள் தாழ்ந்தோர்க்கென ஒதுக்கப்பட்டன. கற்றோர் தொழிலைத் தொடவில்லை. தொழில் செய்வோர் கற்க இயலவில்லை. பிணத்தைத் தொடுதல் தீட்டென்றதால் உடற்கூற்றியல் மறைந்தது. அறுவை மருத்துவம் நாவிதர் கைக்குச் சென்றது. ஏன், எவ்வாறு என்று வினவும் பழக்கம் நாட்டை விட்டு நீங்கியது. இதுவே அவர் முடிவு. அண்ணல் அம்பேத்கர் 1936-இல் வெளியிட்ட சாதி ஒழிப்பு நூலில், சாதி தொழிலைப் பிரிப்பதோடு தொழிலாளரையும் பிரிக்கிறது என்பதை நிறுவினார். அதற்கு 34 ஆண்டுகள் முன்னர் வேதியியல் ஆய்வுக்கூடத்திலிருந்து எழுந்த குரல் ராயினுடையது. 1917-இல் கல்கத்தாவில் கூடிய இந்திய சமூக மாநாட்டிற்குத் தலைமை ஏற்றபோதும் அவர் சாதிக் கொடுமையைக் கடிந்துரைத்தார்.

அவர் பணியாற்றிய கல்லூரியிலேயே சாதி மறைந்துவிட்டதா? இல்லை. சிற்றூரில் சிறு கடை நடத்தியவரின் மகனாகப் பிறந்த மேகநாத சாகா, 1911-இல் மாநிலக் கல்லூரி மாணவரானார். விடுதியில் உயர்சாதி மாணவர் அவருடன் அமர்ந்துண்ண மறுத்தனர். ராய், போஸ் ஆகியோரிடம் பயின்ற அந்த மாணவரே, விண்மீன்களின் ஒளியைக் கொண்டு அவற்றின் வெப்பநிலையை அறிய உதவும் சமன்பாட்டை 1920-இல் உலகுக்கு அளித்தார்.

துறவு வாழ்வும் நாம் கொள்ள வேண்டியதும்

1916-இல் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியின் பாலித் பேராசிரியரான ராய், திருமணம் செய்துகொள்ளாது, அக்கல்லூரியின் ஒரு சிற்றறையிலேயே வாழ்ந்தார். 60 வயது நிரம்பிய 1921 முதல் தம் ஊதியம் முழுவதையும் வேதியியல் துறையின் வளர்ச்சிக்கே விட்டுக் கொடுத்தார். 1922-இல் வடவங்கம் வெள்ளத்தில் மூழ்கியபோது, நிவாரணப் பணிக்குத் தலைமை தாங்கினார். 1924-இல் இந்திய வேதியியல் கழகம் தோன்றியபோது அதன் முதல் தலைவரானார். 1936-இல் ஓய்வு பெற்றும் அச்சிற்றறையை நீங்கவில்லை. 1944 ஜூன் 16-ஆம் நாள் அங்கேயே மறைந்தார்.

ஒன்றில் நாம் அவரோடு மாறுபடுகிறோம். பட்ட மோகத்தைக் கைவிட்டுத் தொழிலில் இறங்குக என்று அவர் வங்க இளைஞரை இடித்துரைத்து வந்தார். பல தலைமுறைகளாகப் பட்டம் பெற்ற குடும்பத்தார்க்கு அவ்வறிவுரை பொருந்தும். நம் வீடுகளிலோ முதல் பட்டதாரியே இப்போதுதான் தோன்றுகிறார். 1953-இல் சென்னை மாநிலத்தில் அரைநாள் பள்ளியும் அரைநாள் பெற்றோர் தொழிலுமாகத் திட்டம் வந்தபோது மக்கள் கொதித்தெழுந்ததும், 1954-இல் அது கைவிடப்பட்டதும் நாம் மறக்கத்தக்கவை அல்ல. தொழிலை மதித்தல் வேறு; குலத்தொழிலில் ஒருவரைக் கட்டிவைத்தல் வேறு.

தோல் பதனிடுவோர் ஆவாரம் பட்டையின் இயல்பை அறிவர். காஞ்சியில் பட்டுநூலின் பசை நீக்கிச் சாயம் ஏற்றுவோர் சூட்டின் அளவைக் கையாலேயே அறிவர். அறிவியலின் முதற்படி அவர்கள் கைகளில் இருக்கிறது. ஏன், எவ்வாறு என்னும் அடுத்த படியை அவர்தம் மக்களுக்குத் திறந்துவிடுவதே கல்விச் சங்கத்தின் கடமை. ஆகவே இளைஞர்களே, ஆய்வுக்கூடத்தில் குடுவையைக் கழுவ வெட்கப்படாதீர். எவரேனும் குடுவை கழுவுவதே உங்கள் வேலை என்றால் அதற்கு இணங்காதீர். பெற்றோர்களே, மகனுக்கு நிகராக மகளையும் அறிவியல் பாடத்தில் சேர்ப்பீராக.

வெறும் உறையென்று ஒதுக்கப்பட்ட மெல்லிய படலமே தமனிக்கு ஆணையிடுகிறது என்பதை உலகம் உணர 1980 வரை காத்திருக்க நேர்ந்தது. நம் சமுதாயத்தின் அறிவாற்றலை நாடு உணர அத்தனை காலம் ஆகாதிருக்க, இச்சங்கம் வெள்ளிவிழாவைக் கடந்து பொன்விழாவும் காணுமாறு உழைப்போமாக.